அமோனியா லூப்பில் ஆர்கான்: சமநிலை நகருமா, நகராதா?

கேள்வி:
மாறாப் பருமனில் மந்த வாயு சேர்த்தால் சமநிலை மாறாது என்று படித்திருக்கிறேன். ஆனால் அமோனியா தயாரிக்கும் ஹேபர் முறை ஆலைகளில் ஆர்கானும் மீத்தேனும் தேங்காதபடி லூப் வாயுவில் (வினைபுரியாமல் திரும்பத் திரும்பச் சுழலும் வாயு) ஒரு பகுதியை ஓயாமல் பர்ஜ் செய்கிறார்கள், அதாவது வெளியேற்றுகிறார்கள். கூடவே ஹைட்ரஜனும் போய்விடுகிறதே, ஏன்?

பதில் 1:
பாடத்தில் வருவது மூடிய கலம். அதில் ஆர்கானைப் புகுத்தினால் மொத்த அழுத்தம் ஏறும். மற்ற மூன்று வாயுக்களின் (நைட்ரஜன், ஹைட்ரஜன், அமோனியா) பகுதி அழுத்தம் அப்படியே இருக்கும். ஆலையில் வரம்பு மொத்த அழுத்தத்துக்குத்தான். 200 பாரில் ஓடும் லூப்பில், கன்வர்ட்டரை (வினை நடக்கும் கலம்) விட்டு வெளிவரும் வாயுவில் 10% மந்த வாயு இருந்தால், வினைக்குரிய வாயுக்களுக்கு மிஞ்சுவது 180 பார். நல்லியல்பு வாயுவாகக் கொண்டால், தூய வாயுவை 180 பாரில் ஓட்டிய சமநிலைதான் கிடைக்கும். 4 மோல் 2 மோலாகச் சுருங்கும் வினை (N₂ + 3H₂ ⇌ 2NH₃), ஆகவே அமோனியா குறையும். வினை வேகமும் சேர்ந்து விழும்.

ஆர்கான் வருவது இரண்டாம் ரீஃபார்மருக்கு (மீத்தேனிலிருந்து ஹைட்ரஜன் எடுக்கும் இரண்டாம் கட்ட உலை) கொடுக்கும் காற்றிலிருந்து (காற்றில் 0.93%). மீத்தேன், ரீஃபார்மரில் தப்பியதும் மெத்தனேட்டரில் (மிச்சக் கார்பன் ஆக்சைடுகளை மீத்தேனாக்கும் கலம்) உருவானதும்.

பதில் 2:
அளவை எளிதாகக் கணக்கிடலாம். மேக்-அப் வாயுவில் (லூப்புக்குப் புதிதாக வரும் வாயு) 1% மந்த வாயு, பர்ஜில் 10% என்றால், பர்ஜ் மேக்-அப்பில் பத்தில் ஒரு பங்கு. திரவ அமோனியாவில் கொஞ்சம் கரைந்து போவதால் நடைமுறையில் இன்னும் குறையும். அமோனியாவைப் பிரித்தபின், மேக்-அப் கலப்பதற்கு முன் பர்ஜ் எடுங்கள். மந்த வாயு அங்கேதான் அடர்த்தி. ஹைட்ரஜனைச் சவ்வு வழியாகவோ கடுங்குளிரூட்டியோ மீட்கலாம்.

பதில் 3:
மந்த வாயு ஏறினால் லூப் அழுத்தம் மெல்ல உயரும், கன்வர்ட்டரின் வெப்ப ஏற்றம் குறையும். ஆனால் உடனே பர்ஜைத் திறந்துவிடாதீர்கள். ஹைட்ரஜன்-நைட்ரஜன் விகிதம் பிசகினாலும் இதே அறிகுறிதான். மேற்சொன்ன கணக்கில் மேக்-அப் விகிதம் 3-லிருந்து 2.95 ஆனாலே லூப்பில் அது சுமார் 2.5-க்கு இறங்கிவிடும், ஏனென்றால் மிகுதி நைட்ரஜன் வெளியேற பர்ஜ் ஒன்றே வழி. முதலில் குரோமடோகிராஃப் (வாயுக் கலவையைப் பகுத்தறியும் கருவி) காட்டும் அளவைப் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்:
வெப்பநிலையைக் குறைத்து இழப்பை ஈடுகட்ட முடியாதா?

பதில் 1:
ஓரளவுக்கே முடியும். 200 வளிமண்டல அழுத்தத்தில் சமநிலை அமோனியா 500 டிகிரி செல்சியஸில் 18% அளவு, 400-இல் 39% அளவு. ஆனால் நுழைவு வெப்பநிலையை அதிகம் தாழ்த்தினால் இரும்பு வினையூக்கி மந்தமாகி, வினையூக்கிப் படுகையில் வினையே அணைந்துபோகும். ஒவ்வொரு 1% அமோனியாவுக்கும் வாயு சுமார் 15 டிகிரி சூடேறுவதால், குறைக்க வேண்டியது படுகைகளுக்கு இடையில்தான்: குளிர்ந்த வாயுவைச் செலுத்தியோ வெப்பப் பரிமாற்றி வைத்தோ.