'மாநிலப் பொருள்' என்று சொன்னால் தில்லிக்குப் பதில் சொன்னதாகுமா?

மயூர் விகார் வாசி:

மாநகராட்சி பற்றியோ நகராட்சி பற்றியோ நாடாளுமன்றத்தில் உறுப்பினர்கள் கேள்வி எழுப்பினால், துறை அதிகாரிகள் எழுதி, அமைச்சர் பெயரில் அவையில் வைக்கப்படும் பதில் பெரும்பாலும் ஒரே தொடக்கத்தோடு வருகிறது. மத்திய, மாநில அதிகாரங்களைப் பிரித்துக்காட்டும் அரசமைப்பின் ஏழாம் அட்டவணைப்படி உள்ளாட்சி மாநிலப் பொருள், அதாவது மாநிலங்களின் அதிகாரத்துக்கு உட்பட்டது என்றும், கேட்ட விவரங்கள் மத்திய அரசால் தொகுக்கப்படுவதில்லை என்றும் சொல்லிவிடுகிறார்கள். எத்தனை வடிகால்கள் தூர்வாரப்பட்டன, எவ்வளவு செலவானது, யார் மேற்பார்வையிட்டார்கள், தவறியவர்கள்மீது என்ன நடவடிக்கை என்று உறுப்பினர் தனித்தனியாகக் கேட்டிருந்தாலும், "(அ) முதல் (ஈ) வரை" என்று நான்கையும் சேர்த்துக் கட்டி ஒரே பத்தியில் முடித்துவிடுகிறார்கள்.

மற்ற மாநிலங்களின் நகராட்சிகளுக்கு இதை ஒருவாறு ஏற்கலாம். தில்லி மாநகராட்சிக்கு ஏற்கவே முடியாது. 1957-இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின்கீழ் இயங்கும் அமைப்பு இது. 2012-இல் மூன்றாகப் பிரிந்ததை 2022-இல் மறுபடி ஒன்றாக்கியதும் நாடாளுமன்றமே. அந்தத் திருத்தத்தின்படி, அதுவரை தில்லி அரசிடம் இருந்த அதிகாரங்கள் பலவும் மத்திய அரசின் கைக்குப் போயின. 272 ஆக இருந்த வார்டுகள் 250 ஆகக் குறைந்தன. ஆணையரை நியமிக்கும் அதிகாரம் அதற்கு முன்பும் மத்திய அரசிடம்தான் இருந்தது. அதிகாரத்தை எடுத்துக்கொண்டவர்கள் கணக்குக் கேட்கும்போது மட்டும் ஏழாம் அட்டவணையைக் காட்டுவது எந்த வகையில் நியாயம்?

செயலகத்தில் பணியாற்றியவன்:

ஐயா, இத்தகைய பதில்களை எழுதும் மேசையில் பல ஆண்டுகள் அமர்ந்தவன் என்ற முறையில் மறுப்புச் சொல்ல வேண்டியிருக்கிறது. மத்திய அரசுக்கு முதன்மையான பொறுப்பு இல்லாத விஷயத்தைக் கேள்வியாகக் கேட்கக் கூடாது என்பது மக்களவை நடைமுறை விதி 41-இலேயே இருக்கிறது. எனவே 'மாநிலப் பொருள்' என்று எழுதும் அதிகாரி சாக்குப்போக்குச் சொல்லவில்லை. தமக்கு உரிமையில்லாத இடத்தில் அவர் கை வைக்காமல் இருக்கிறார்.

நடைமுறையையும் சொல்கிறேன். கேள்வி துறைக்கு வந்தவுடன் சார்புச் செயலர் அதை மாநகராட்சிக்கு அனுப்புவார். அங்கிருந்து அது 12 மண்டலங்களுக்கும் போகும். மண்டலங்கள் தரும் கணக்குகள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதே அரிது. ஒரு மண்டலம் வடிகாலை நீளத்தில் கணக்கிடும், இன்னொன்று அள்ளிய மண்ணை டன் கணக்கில் தரும். அவற்றைக் கூட்டி ஓர் எண்ணை எழுதி, அது தவறென்று பிறகு தெரிந்தால், அமைச்சர் அவையில் திருத்த அறிக்கை வைக்க வேண்டும். உரிமை மீறல் பிரச்சினையும் எழலாம். 'தகவல் திரட்டப்பட்டு அவையில் வைக்கப்படும்' என்று எழுதினாலோ அது உறுதிமொழியாகக் கொள்ளப்பட்டு, மூன்று மாதத்துக்குள் நிறைவேற்றப்பட வேண்டியதாகிறது. தவறினால் அரசு உறுதிமொழிகள் குழு விளக்கம் கேட்கும். இத்தனையும் அறிந்தவர் அளந்துதான் எழுதுவார்.

தெருவோரச் சாக்கடைக்கு மத்திய அமைச்சர் பதில் சொல்லத் தொடங்கினால், 250 வார்டு உறுப்பினர்கள் எதற்கு என்ற கேள்வியும் உடன் வரும்.

ஜனக்புரி சகோதரி:

வார்டு உறுப்பினர்கள் எதற்கு என்று கேட்டீர்களே ஐயா, 2022 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட மாமன்றத்தில் நிலைக்குழு 2025-இன் நடுப்பகுதி வரை அமையவே இல்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஐந்து கோடி ரூபாய்க்கு மேற்பட்ட ஒப்பந்தங்கள் அந்தக் குழுவின் ஒப்புதலுக்குப் போக வேண்டியவை. மாமன்றத்துக்குப் பத்துப் பேரை நியமிக்கும் உரிமை யாருக்கு என்ற வழக்கே 2024 ஆகஸ்டில்தான், துணைநிலை ஆளுநருக்கே என்று உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. மாமன்றம் இப்படி முடங்கியிருந்த நாட்களில் மக்கள் யாரிடம் கேட்பது?

நம்மவர்களின் கதையையே எடுத்துக்கொள்வோம். ஜங்புராவில், பாராபுல்லா வடிகால் கரையில் பல பத்தாண்டுகளாகத் தமிழர்கள் வாழ்ந்த மதராசி கேம்ப், உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2025 ஜூன் 1 அன்று இடிக்கப்பட்டது. ஏறத்தாழ 370 வீடுகள் அங்கே இருந்தன. முதலில் 189 குடும்பங்களே மாற்று வீட்டுக்குத் தகுதி பெற்றவையாக அறிவிக்கப்பட்டன. அந்த வீடுகளும் நகரின் வடகோடியில், நரேலாவில். தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகளில் ஒன்றுகூட நரேலாவில் இல்லை. லோதி எஸ்டேட் பள்ளிக்கு நடந்தோ ஒரே பேருந்திலோ போய்வந்த பிள்ளையின் படிப்பு என்ன ஆகும் என்பதை எந்தத் துறை சொல்லும்? வடிகால் ஒரு துறையிடம், குடிசை மறுவாழ்வு வேறொரு வாரியத்திடம், குடிநீர் இன்னொரு வாரியத்திடம், காவல் துறை மத்திய அரசிடம். ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கைகாட்டும்போது, எல்லோரையும் ஒருசேரக் கேட்கக்கூடிய இடம் நாடாளுமன்றம் ஒன்றுதான்.

செயலகத்தில் பணியாற்றியவன்:

அந்த மக்களின் துயரத்தில் எனக்கும் பங்குண்டு, அம்மா. ஆனால் நீங்கள் அடுக்கிய பட்டியலே என் பக்கத்துக்குத்தான் வலுச் சேர்க்கிறது. அமைச்சர் ஒருவர் தம் துறைக்கு மட்டுமே பதில் சொல்ல முடியும். வடிகாலையும் வீட்டையும் பள்ளியையும் ஒரே கேள்வியில் வைத்தால், மூன்றுக்கும் சேர்த்து மேம்போக்கான ஒரு பதில்தான் கிடைக்கும். குடிசை வாரியம் தில்லி அரசின்கீழ் இருப்பது. அதைச் சட்டமன்றத்தில் கேட்பதே முறை.

கரோல் பாக் வழக்கறிஞர்:

நான் இரு தரப்போடும் முழுமையாக உடன்படவில்லை. சென்னை மாநகராட்சியில் 2016 அக்டோபர் முதல் 2022 தொடக்கம் வரை தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லை. பெங்களூருவில் 2020 செப்டம்பரிலும் மும்பையில் 2022 மார்ச்சிலும் பதவிக்காலம் முடிந்த பிறகு நிர்வாகிகளின் ஆட்சிதான் நீண்டது. ஐந்தாண்டு முடியும் முன்னரே தேர்தல் நடத்த வேண்டும் என்கிற அரசமைப்புப் பிரிவு 243-யூ இருந்தும் இதுதான் நிலைமை. இதைத் தட்டிக்கேட்பதாகச் சொல்லிக்கொண்டு மத்திய அமைச்சகங்கள் மாநிலங்களின் நகராட்சிக்குள் நுழைவதை நான் விரும்பவில்லை. தமிழ்நாட்டிலிருந்து வந்த எவரும் விரும்பமாட்டார்கள் என்றே நினைக்கிறேன். அதே வேளையில், 2021 முதல் 2026 வரை உள்ளாட்சிகளுக்கு 4,36,361 கோடி ரூபாய் மானியத்தைப் பதினைந்தாவது நிதிக்குழு பரிந்துரைத்து, தணிக்கை செய்த கணக்கை இணையத்தில் வெளியிட வேண்டும் என்று நிபந்தனையும் விதித்தது. நிபந்தனை நிறைவேறியதா என்று பார்த்துத்தான் பணம் போகிறது. அந்த விவரம் தொகுக்கப்படுவதில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

தில்லியின் நிலை வேறு. தில்லிக்கென உள்ள அரசமைப்புப் பிரிவு 239ஏஏ இங்குள்ள சட்டமன்றத்திடமிருந்து நிலம், காவல், பொது ஒழுங்கு ஆகியவற்றை மட்டுமே விலக்கியது; உள்ளாட்சியை விலக்கவில்லை. அந்த உள்ளாட்சியைத்தான் 2022 திருத்தம் மத்திய அரசின் பக்கம் இழுத்தது. அதிகாரம் எங்கே இருக்கிறதோ பதிலும் அங்கேயிருந்துதான் வர வேண்டும். விதி 41-ஐத் தில்லிக்குப் பொருத்தினால், கேள்வியை அனுமதிப்பதற்கே அது துணை நிற்கும்.

மயூர் விகார் வாசி:

வழக்கறிஞர் போட்ட எல்லைக்கோட்டை நான் அப்படியே ஏற்கிறேன். கேள்வி 150 சொற்களுக்குள் அடங்க வேண்டும் என்பதால், எங்கள் தொகுதி உறுப்பினரிடம் கொடுக்க உள்துறை அமைச்சருக்கான வரைவொன்றை எழுதிவைத்திருக்கிறேன். (அ) 2022 திருத்தத்துக்குப் பிறகு மாநகராட்சிச் சட்டத்தின்கீழ் மத்திய அரசு பிறப்பித்த உத்தரவுகள் யாவை. (ஆ) நிலைக்குழு இல்லாத காலத்தில் ஐந்து கோடிக்கு மேற்பட்ட ஒப்பந்தங்கள் யாருடைய ஒப்புதலோடு நடந்தன. (இ) மழைக்காலத்துக்கு முன் வடிகால் தூர்வாரும் பணியை ஆணையர் ஆய்வு செய்த அறிக்கை அரசுக்கு வந்ததா, வந்திருந்தால் அதன் விவரம்.

செயலகத்தில் பணியாற்றியவன்:

நன்றாகவே எழுதியிருக்கிறீர்கள். (அ)-வுக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும், தப்பிக்க வழியில்லை. (ஆ)-வுக்கு மாநகராட்சியிடம் கேட்டு எழுதுவார்கள். (இ)-யை எடுத்துவிடுங்கள், ஐயா. அன்றாட நிர்வாகம் என்று சொல்லி அதை ஒதுக்கிவிடுவார்கள். அதைக் காரணம் காட்டி மற்ற இரண்டையும் சேர்த்துக் கட்டிவிடும் ஆபத்தும் இருக்கிறது. அமைச்சர் அவையில் வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டிய நட்சத்திரக் குறியிட்ட கேள்வியாகக் கொடுக்கச் சொல்லுங்கள். குலுக்கலில் முதல் இருபதுக்குள் வந்தால், துணைக் கேள்வியாக வடிகாலை அவையிலேயே கேட்டுக்கொள்ளலாம்.

மயூர் விகார் வாசி:

நட்சத்திரக் குறி யோசனைக்கு நன்றி. அப்படியே செய்யச் சொல்கிறேன். ஆனால் (இ)-யை நீக்கப்போவதில்லை. குலுக்கலில் வராமல் போனால் துணைக் கேள்விக்கு இடமே இருக்காது. ஆணையர் மத்திய அரசால் நியமிக்கப்பட்டவர். அவர் தந்த அறிக்கையைக் கேட்பது அன்றாட நிர்வாகம் ஆகாது. அதை அனுமதிக்க முடியாது என்றால், அதற்கான காரணத்தை எழுத்தில் தரட்டும்.