3x + 4y − 12 = 0: சாய்வு −3/4 சரி, கோணம் ஏன் இடிக்கிறது?

கேள்வி:
பத்தாம் வகுப்புக் கணக்கு. 3x + 4y − 12 = 0 என்ற கோட்டுக்குச் சாய்வு −3/4 வருகிறது. கால்குலேட்டரில் டேன் இன்வர்ஸ் போட்டால் −36.87°. விடையில் 143.13° என்று இருக்கிறது. எது சரி? கோடு எந்தப் பக்கம் சாய்கிறது என்று வரையாமலே சொல்ல முடியுமா? x = 5-க்குச் சாய்வுச் சூத்திரம் (−x-இன் கெழு / y-இன் கெழு) போட்டால் பகுதியில் பூஜ்யம் வருகிறதே?

பதில் 1:
சூத்திரத்தை விடுங்கள், y-ஐத் தனியாக்குங்கள். 4y = −3x + 12. எல்லாவற்றையும் 4-ஆல் வகுத்தால் y = −(3/4)x + 3. இப்போது x-இன் கெழுதான் சாய்வு. 3 என்பது y வெட்டுத்துண்டு. பலர் மதிப்பெண் விடுவது இங்கேதான்: வகுக்கும் முன்பே −3 என்று எழுதிவிடுவார்கள், இல்லையென்றால் 3x-ஐ மறுபக்கம் கொண்டுபோகும்போது குறியை மாற்ற மாட்டார்கள்.

சாய்வு குறை எண் என்றால் கோடு வலப்பக்கம் போகப் போக இறங்கும். இதில் (0, 3)-இலிருந்து வலமாக 4 நகர்ந்தால் 3 இறங்கி (4, 0)-க்கு வரும்.

பதில் 2:
இரண்டு கோணமும் ஒரே கோட்டைத்தான் சொல்கின்றன. ஆனால் சாய்வுக் கோணத்தை x அச்சின் மிகைத் திசையிலிருந்து, கடிகாரச் சுற்றுக்கு எதிராக, 0°-இலிருந்து 180°-க்குள் அளப்பதுதான் வழக்கம். கால்குலேட்டர் −90°-க்கும் 90°-க்கும் இடையில்தான் காட்டும். குறை வந்தால் 180° கூட்டுங்கள்: 143.13°. திரையில் −0.6435 என்று வந்தால் அது ரேடியனில் இருக்கிறது.

x = 5 செங்குத்துக் கோடு. கோணம் 90°, சாய்வு வரையறுக்கப்படவில்லை. அங்கே 0 என்று எழுதிவிடாதீர்கள், அது y = 5-இன் சாய்வு.

பதில் 3:
வகுத்தலே வேண்டாம் என்றால் திசை வெக்டர் எடுங்கள், அதாவது கோடு போகும் திசையை x நகர்வு, y நகர்வு என்று சொல்லும் எண் ஜோடி. ax + by + c = 0-க்கு அது (b, −a). இங்கே (4, −3); எதிர்முகமாக (−4, 3) எடுத்தாலும் அதே கோடுதான். x = 5-க்கு a = 1, b = 0, ஆகவே (0, −1): சிக்கலே இல்லை. கெழுக்களை அப்படியே (3, 4) என்று எடுத்தால் கோட்டுக்குச் செங்குத்தான திசை கிடைக்கும். சோதிக்க: 3×4 + 4×(−3) = 0.

கேட்டவர்:
நன்றி. ஆனால் கிராஃப் தாளில் வரைந்து பாகைமானி வைத்தால் ஏறக்குறைய 159° காட்டுகிறது. புள்ளிகள் சரியாகத்தான் இருக்கின்றன.

பதில் 2:
அளவுத்திட்டத்தைப் பாருங்கள். x அச்சில் 1 செ.மீ. = 1 அலகு, y அச்சில் 1 செ.மீ. = 2 அலகு என்று எடுத்திருப்பீர்கள். தாளில் 4 செ.மீ.க்கு 1.5 செ.மீ.தான் இறங்கும், அதற்குரிய கோணம் 159.4°. பாகைமானியால் அளக்க வேண்டுமானால் இரண்டு அச்சிலும் ஒரே அளவு வேண்டும்.