சம்பளத்தில் வெட்டுகிற பென்சன் காசு: இங்கிலாந்துக்குப் புதிதாக வந்த வன்னி ஆட்களுக்கு

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கமிருந்து வந்து முதல் சம்பளத் துண்டைக் கையில் எடுத்தவர்கள் அநேகமாக ஒரே கேள்வியோடுதான் வருகிறார்கள்: "அண்ணை, பென்சன் எண்டு வெட்டுறாங்கள், அதை நிப்பாட்டேலாதோ?" நிற்பாட்டலாம். சேர்த்து ஒரு மாதத்துக்குள் விலகினால் வெட்டின காசும் திரும்பி வரும். ஆனால் விலக முதல் இந்தக் கணக்கை ஒருக்கால் பாருங்கள்.

ஊரில் தனியார் கொம்பனியிலோ கண்ணிவெடி அகற்றும் நிறுவனத்திலோ வேலை செய்தவர்களுக்கு ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) தெரியும், உங்களிடம் 8 வீதம் பிடித்து முதலாளி 12 வீதம் போடுவார். இங்கேயும் கிட்டத்தட்ட அப்படித்தான், 2012 இல் தொடங்கிக் கட்டம் கட்டமாக எல்லா முதலாளிமாருக்கும் கட்டாயமாக்கினார்கள். வயது 22 ஆகி, ஒரே வேலையில் வருடத்துக்கு 10,000 பவுண்ஸுக்கு மேல் உழைத்தால் நீங்கள் கேட்காமலே சேர்த்துவிட வேண்டும். முதல் மூன்று மாதம் தள்ளிப்போட மட்டும் அவர்களுக்கு இடமுண்டு. ஆகக் குறைந்தது 8 வீதம் போக வேண்டும், அதில் முதலாளியின் பங்கு குறைந்தது 3, உங்கள் பங்கு 5, அந்த ஐந்திலும் ஒன்று அரசாங்கம் விட்டுத்தருகிற வரி. அதுவும் முழுச் சம்பளத்துக்கு இல்லை, 6,240 க்கும் 50,270 க்கும் இடைப்பட்ட பகுதிக்குத்தான் சட்டம் கேட்கிறது.

வருடம் 26,240 எடுக்கிற ஒருவரை வையுங்கள். கணக்குக்கு வருவது 20,000. அவர் கையில் குறைவது 800, முதலாளி போடுவது 600, வரிச்சலுகை 200. அதாவது மாதம் 67 பவுண்ஸ் விட்டால் 133 சேருகிறது. விலகினால் அந்த 67 கைக்கு வரும், மற்ற 66 உங்களுக்கு எந்த வழியாலும் வராது. முதலாளி "சம்பளத்தோடு சேர்த்துத் தாறன்" என்று சொல்லி விலகச் சொன்னால் அது சட்டப்படி பிழை. எனக்குத் தெரிந்த ஒரு கடைக்காரர் வேலைக்கு எடுக்கும்போதே விலகல் படிவத்தையும் நீட்டினார், பிள்ளைகளும் வேலை போய்விடும் என்ற பயத்தில் கையெழுத்துப் போட்டார்கள். அப்படி யாரும் நீட்டினால் வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோய் வாசியுங்கள், அந்த இடத்தில் கையெழுத்து வைக்காதீர்கள். விலகுவதற்கான அறிவித்தல் வழமையாகப் பென்சன் நிறுவனத்திடமிருந்து வர வேண்டியது, முதலாளி தருவதில்லை.

பெற்றோல் செட்டில் பகலும், கிளீனிங்கில் விடியவும் என்று இரண்டு வேலை செய்கிறவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். இரண்டிலும் தனித்தனியே 9,000 என்றால் ஒரு முதலாளியும் தானாகச் சேர்க்க மாட்டார். நீங்கள் எழுதிக் கேட்டால் இரண்டு பேரும் சேர்க்கத்தான் வேண்டும், 6,240 க்கு மேல் இருப்பதால் தங்கள் பங்கும் போட வேண்டும். வாய் திறந்து கேட்காததால் எத்தனை பேர் இதை விடுகிறார்கள்! விசாவில் "பொது நிதி (அரச உதவிக் காசு) எடுக்கக் கூடாது" என்று போட்டிருக்கிறதே என்று சிலர் பயப்படுகிறார்கள், வேலைப் பென்சன் பொது நிதிக்குள் வராது.

கடன்? வெளிநாடு வர வட்டிக்கு வாங்கின ஆட்களிடம் சேமியுங்கள் என்று லேசாகச் சொல்லிவிட முடியாது. மீற்றர் மாதிரி ஏறுகிற கடும் வட்டி ஓடிக்கொண்டிருந்தால் அதை முதலில் அடைப்பதில் நியாயம் இருக்கிறது, ஏனென்றால் பென்சன் காசை இப்போது 55 வயதுக்கு முன்னும், 2028 ஏப்ரல் 6 இலிருந்து 57 க்கு முன்னும் தொடவே முடியாது. அப்படி விலகினாலும் கடன் முடிந்தவுடன் திரும்பச் சேருங்கள். மூன்று வருடத்துக்கு ஒருமுறை முதலாளிமாரே திரும்பச் சேர்ப்பார்கள், அதுவரை காத்திருக்கத் தேவையில்லை.

இந்தக் காசு சந்தையில் முதலிடப்படுகிறது, ஈ.பி.எஃப். மாதிரி வருடாவருடம் வட்டி அறிவிக்க மாட்டார்கள். ஒரு வருடம் இறங்கினால் பதறாதீர்கள். சீட்டுக் கட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் அதை முதுமைக்கு நம்பாதீர்கள். நகையைப் பற்றி நமக்குப் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? 2009 இல் அரிசிக்கும் மாவுக்கும் கழற்றிக் கொடுத்த சனம் நாங்கள்.

அரச பென்சன் வேறு கதை. அதற்கு நாஷனல் இன்சூரன்ஸ் (சம்பளத்தில் அரசுக்கு வெட்டுகிற காப்புறுதிக் காசு) பதிவு வேண்டும், 10 வருடம் இல்லாவிட்டால் ஒரு சதமும் இல்லை, முழுத் தொகைக்கு 35 வருடம். 2025-26 இல் முழுத் தொகை கிழமைக்கு 230.25 பவுண்ஸ். 45 வயதில் வந்து 67 வரை 22 வருடம் ஒழுங்காகக் கட்டினவருக்கு அந்தக் கணக்கில் ஏறக்குறைய 145 வரும். கணக்கில் காட்டாமல் கையில் காசு வாங்கிச் செய்கிற வேலையில் இந்த வருடங்கள் ஏறாது, முதலாளியின் 3 வீதமும் இல்லை. அந்த வேலை தருகிறவர் உங்களுக்கு உபகாரம் செய்வதாக நினைக்காதீர்கள். வீட்டில் பிள்ளை பார்க்கிற அக்கா தங்கச்சிமார், விசா அனுமதித்தால் பிள்ளைக் கொடுப்பனவை உங்கள் பெயரில் எடுங்கள், கடைசிப் பிள்ளைக்கு 12 வயது ஆகும்வரை அந்த வருடங்கள் உங்கள் கணக்கில் ஏறும்.

"வயசு போனால் ஊரிலை வயலோடை இருப்பம்" என்று நினைக்கிறவர்களுக்கு: அரச பென்சனை ஒட்டுசுட்டானில் இருந்தும் எடுக்கலாம், ஆனால் இலங்கையில் இருக்கும் காலம் வரை அது ஏறவே ஏறாது. இங்கே இருப்பவருக்கு வருடாவருடம் ஏறும்போது உங்களுக்குப் போன அன்றைய தொகையே, அங்கே போன பிறகு எடுக்கத் தொடங்கினால் தொடங்கின அன்றைய தொகையே நிற்கும். வேலைப் பென்சனுக்கு அந்தத் தடை இல்லை, கால் பங்கை வழமையாக வரியில்லாமல் எடுக்கலாம். அதனால் திரும்பிப் போக நினைக்கிறவர் இதைத்தான் பெருப்பிக்க வேண்டும், முடிந்தால் 5 வீதத்துக்கு மேலும் போடுங்கள், நீங்கள் கூட்டினால் தாங்களும் கூட்டுகிற முதலாளிமாரும் இருக்கிறார்கள், கேட்டுப் பாருங்கள். இங்குள்ள வங்கிக் கணக்கை அவசரப்பட்டு மூடிவிடாதீர்கள்.

நீங்கள் இறந்தால் வேலைப் பென்சன் காசு யாருக்கு என்று எழுதுகிற வாரிசுப் படிவத்தை இன்றைக்கே நிரப்புங்கள். நம் ஆட்களில் இடப்பெயர்வில் பத்திரங்கள் தொலைந்தவர்களும், கலியாணத்தைப் பதியாதவர்களும் இருக்கிறார்கள், பிறப்புப் பத்திரத்தில் ஒரு எழுத்து, கடவுச்சீட்டில் இன்னொரு எழுத்து. நீங்கள் இல்லாத நேரத்தில் மனைவி முள்ளியவளையில் இருந்து தன்னை நிரூபிக்க அலையக் கூடாது. அவருடைய பெயரைக் கடவுச்சீட்டிலோ அடையாள அட்டையிலோ உள்ள அதே எழுத்தில், முகவரியோடு எழுதுங்கள்.

"55 க்கு முதலே எடுத்துத் தாறன்" என்று யாராவது போன் அடித்தால், தமிழிலேயே பேசினாலும் போனை வையுங்கள். கடும் நோய் போன்ற சில காரணங்களைத் தவிர முன்கூட்டி எடுத்தால் வரி 55 வீதம் வரை போகும், எடுத்துத் தருகிறவரின் கூலி வேறு. பென்சன் விற்க நீங்கள் கேட்காமல் போன் அடிப்பதே 2019 ஜனவரியிலிருந்து தடை.

வேலை மாறும்போது பழைய பென்சன் அழியாது, முகவரி மாறினதை மட்டும் அறிவியுங்கள். பழைய முதலாளி கடையை மூடிவிட்டால் அரசாங்கத்தின் பென்சன் தேடல் சேவை இலவசமாகத் தொடர்பு விபரம் தரும். அதற்குப் பழைய சம்பளத் துண்டுகள் உதவும், படம் எடுத்து ஓரிடத்தில் வையுங்கள்.