ஏர்லி டெசிஷனில் 'டெஃபர்' ஆகிவிட்டது, அடுத்து என்ன செய்யலாம்?

நியூ ஜெர்சியில் இருக்கிறோம். மகள் பன்னிரண்டாம் வகுப்பு. ஏர்லி டெசிஷனில் (இடம் கிடைத்தால் அங்கேயே சேர்வோம் என்று உறுதி சொல்லி முன்கூட்டியே விண்ணப்பிக்கும் முறை) போட்ட கல்லூரி இடமும் தரவில்லை, நிராகரிக்கவும் இல்லை. ரெகுலர் சுற்றுக்குத் தள்ளிவிட்டது. இனி மார்ச் கடைசியில்தான் தெரியும். அங்கேதான் சேர வேண்டும் என்ற கட்டாயம் நீங்கியது ஒன்றுதான் ஆறுதல்.

மற்ற விண்ணப்பங்கள் ஜனவரிக் கெடுவுக்குள் போய்விடும். அரையாண்டு மதிப்பெண்களைப் பள்ளி கவுன்சிலர் அனுப்புவார். குழப்பமெல்லாம் டெஃபர் செய்த கல்லூரிக்கு 'இன்னும் ஆர்வம் இருக்கிறது' என்று எழுதும் கடிதத்தில்தான். இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாள். முதல் பத்தி முழுக்கக் கல்லூரி புராணம்! நவம்பருக்குப் பிறகு ரோபாட்டிக்ஸில் செய்ததை மட்டும் ஒரு பக்கத்தில் சொன்னால் போதாதா?

அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்: கடிதத்தை இப்போதே அனுப்பலாமா, மதிப்பெண் வந்த பிறகா? அப்புறம், வேறு கல்லூரிக்கு ஏர்லி டெசிஷன் இரண்டாம் சுற்றில் போட்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா?