‘கெற்’ எண்ட இங்கிலிஸ் சொல்லைப் பிள்ளையளுக்கு எப்பிடி விளங்கப்படுத்திறது?

உரும்பிராய் அப்பா

வணக்கம். மகள் அடுத்த முறை ஓ.எல். எழுதுறா. பந்தியிலை ‘கெற்’, ‘கொற்’ எது வந்தாலும் ‘கிடைச்சுது’ எண்டுதான் எடுக்கிறா. ‘ஐ கொற் எ லெற்றர்’ சரிவருது. ஆனால் ‘ஷி கொற் ரயேர்ட்’, ‘தே கொற் த வெல் கிளீன்ட்’, ‘ஐ டிடின்ற் கெற் இற்’ வந்தால் திகைச்சுப் போறா. அகராதியைத் திறந்தால் பக்கக்கணக்கிலை பொருள் கிடக்குது. அவ்வளவையும் பாடமாக்க விடுறதோ, வேறை வழி இருக்கோ? இன்னொண்டு: பஸ்சாலை இறங்கிறதுக்கு ‘கெற் டவுன்’ எண்டு எழுதினதை ரியூசனிலை வெட்டி ‘கெற் ஓஃப்’ எண்டு போட்டிருக்கினம். ‘கெற் டவுன்’ பிழையோ?

வடமராட்சி ரீச்சர்

பாடமாக்க விடாதேங்கோ. ‘கெற்’ தனிய நிண்டு பொருள் தராது. அதுக்குப் பின்னாலை என்ன வருகுது எண்டு பாக்கப் பழக்குங்கோ, முக்கால்வாசி அங்கேயே தெளிஞ்சிடும்.

பின்னாலை பெயர்ச்சொல் வந்தால் ஒரு பொருள் கைக்கு வருகுது. அது கிடைக்கிறதாவும் இருக்கலாம், வாங்கிறதாவும் இருக்கலாம். ‘கெற் சம் பிறெட்’ எண்டால் பாண் வாங்கிக்கொண்டு வா. ‘கெற் மீ எ சேர்’ எண்டால் கதிரை ஒண்டு எடுத்துத் தா. ‘ஹி கொற் டெங்கி’ எண்டால் அவனுக்கு டெங்கு. ‘ஐ டிடின்ற் கெற் இற்’ இதே கூட்டந்தான்: சொன்னது மூளைக்கு வந்து சேரேல்லை, அதாவது விளங்கேல்லை. இதிலை எங்கட பிள்ளையள் வழக்கமா விடுற பிழை ஒண்டு இருக்கு. தமிழிலை ‘எனக்குக் கடிதம் கிடைச்சுது’ எண்டு கடிதத்தை எழுவாய் ஆக்கிறம். அதை அப்பிடியே கொண்டுபோய் ‘எ லெற்றர் கொற் ஃபோர் மீ’ எண்டு எழுதுவினம். இங்கிலிசிலை பெறுகிற ஆள்தான் முன்னுக்கு வரவேணும்.

பின்னாலை பெயரடை வந்தால் நிலை மாறுது. இதுக்கு எங்கட பேச்சிலையே அச்சொட்டான வடிவம் இருக்கு: ‘போச்சு’. ‘இற் கொற் டார்க்’ இருட்டிப் போச்சு. ‘ஷி கொற் ரயேர்ட்’ களைச்சுப் போனா. ‘ஷி வாஸ் ரயேர்ட்’ எண்டால் களைச்சிருந்தா, அது இருந்த நிலை. ‘கொற்’ எண்டால் அந்த நிலைக்கு மாறினது. பந்தி வாசிச்சுக் கேள்விக்கு மறுமொழி எழுதேக்கை இந்த வித்தியாசத்திலை புள்ளி போகும்.

வினையின்ரை மூண்டாம் வடிவம் வந்தால் ‘படு’வைப் போட்டுப் பாருங்கோ. ‘ஹி கொற் கோட்’ பிடிபட்டான். ‘த சேர்ட் கொற் ரோர்ன்’ சேட்டு கிழிபட்டுப் போச்சு.

இடம் வந்தால் போய்ச் சேர்றது. ‘வீ கொற் ரூ ஜஃப்னா அற் நூன்.’ ஆனால் ‘ஹோம்’, ‘ஹியர்’, ‘தெயர்’ மூண்டுக்கும் முன்னாலை ‘ரூ’ வராது. ‘கொற் ரூ ஹோம்’ பிழை.

இப்ப கிணத்துக்கு வருவம். கனபேர் விழுற இடம் இதுதான். ‘கொற்’, அதுக்குப் பிறகு ஒரு பொருள், அதுக்குப் பிறகு வினையின்ரை மூண்டாம் வடிவம் எண்டு வந்தால், வேறை ஆளைக் கொண்டு செய்விச்சது. ‘தே கொற் த வெல் கிளீன்ட்’ எண்டால் கிணறு துப்புரவாக்குவிச்சினம். இலக்கணத்திலை பிறவினை எண்டு படிக்கிறது இதுதான். சிக்கல் என்னெண்டால், பேச்சிலை நாங்கள் அந்தப் பிறவினையைக் கனக்க விட்டிடுறம். மேசன் கட்டினாலும் ‘வீடு கட்டினன்’, சலூனிலை வெட்டினாலும் ‘தலைமயிர் வெட்டினன்’ எண்டுதான் சொல்லுறம். அந்தப் பழக்கத்திலை ‘ஐ கட் மை ஹெயர்’ எண்டு எழுதினால், கத்திரிக்கோலை எடுத்துத் தானே வெட்டினதாப் போகும். ‘ஐ கொற் மை ஹெயர் கட்’ எண்டு எழுதவேணும். சொல் ஒழுங்கும் மாறக் கூடாது: ‘ஐ கொற் கட் மை ஹெயர்’ ஒரு பொருளும் தராது.

இதே அமைப்பு விரும்பாமல் நடந்ததுக்கும் வரும். ‘ஹி கொற் ஹிஸ் ஃபிங்கர்ஸ் கோட் இன் த கேற்’ எண்டால் கேற்றுக்குள்ளை விரலை ஆரும் வேணுமெண்டு குடுத்ததில்லை, அகப்பட்டுப் போச்சு. எது எண்டதைச் சம்பவத்தை வைச்சுத்தான் எடுக்கலாம்.

ஆளைக் கொண்டு செய்விக்கேக்கை ஆளையும் சொன்னால் ‘ரூ’ வேணும்: ‘ஐ கொற் ஹிம் ரூ கம்’. இதிலை கொஞ்சம் கேட்டு, கதைச்சு, இணங்கவைச்ச சாயல் இருக்கு. ‘ஐ மேட் ஹிம் கம்’ எண்டால் கட்டாயப்படுத்தினது, அங்கை ‘ரூ’ இல்லை. இந்த ரெண்டையும் குழப்பி ‘ஐ கொற் ஹிம் கம்’ எண்டு எழுதுறது கண்ட கண்ட கொப்பியிலெல்லாம் இருக்கு.

குறிகட்டுவான்

‘கெற் டவுன்’ பற்றி நான் சொல்லுறன். இலங்கையிலையும் இந்தியாவிலையும் பஸ்சாலை இறங்கிறதுக்கு அப்பிடித்தான் சொல்லுறம், இங்கை ஒருத்தருக்கும் விளங்காமல் போகாது. பிரித்தானிய வழக்கிலை ‘கெற் டவுன்’ ஏணியாலை, மரத்தாலை, மதிலாலை இறங்கிறதுக்கு. வாகனத்துக்கு ‘கெற் ஓஃப்’. பரீட்சைக்கு ‘ஓஃப்’ எழுதினால் பிரச்சினை இல்லை.

ஆனால் எல்லா வாகனத்துக்கும் ‘ஓஃப்’ இல்லை. எழும்பி நிண்டு நடக்கக்கூடிய பஸ், றெயின், பிளேன், கப்பல், நயினாதீவுக்குப் போற பயணிகள் படகு, இதுகளுக்கு ஏற ‘ஒன்’, இறங்க ‘ஓஃப்’. காலைப் போட்டு ஏறுற சைக்கிள், மோட்டார்சைக்கிளுக்கும் அதுதான். குனிஞ்சு உள்ளுக்கை பூருற கார், ஓட்டோவுக்கு ‘இன்’, ‘அவுற் ஒஃப்’. சின்ன வள்ளத்துக்கும் ‘இன்ரு’.

‘கெற் டவுன்’ இன்னொரு விதமாவும் எங்கடை ஆக்களின்ரை இங்கிலிசிலை வரும். கொழும்பிலையிருந்து ஸ்பெயார் பார்ட்ஸ் எடுப்பிக்கிறதை ‘வீ கொற் டவுன் த பார்ட்ஸ் ஃப்ரம் கொலம்பு’ எண்டு சொல்லுறது. ‘எடுப்பிக்கிறது’ எண்ட சொல்லுக்கு நல்லாப் பொருந்துது. ஆனால் வெளிநாட்டுக் கொம்பனிக்கு மெயில் அனுப்பேக்கை வேண்டாம், அங்கை ‘கெற் டவுன்’ எண்டால் இறங்கிறது அல்லது குனியிறது எண்டுதான் எடுப்பினம். ‘ஓர்டர்ட்’ போடுங்கோ.

நல்லூர் மொழிபெயர்ப்பாளர்

ரீச்சர் சொன்னதுடன் எழுத்து வழக்கையும் சேர்க்க விரும்புகிறேன். ‘கெற்’ பேச்சுக்கு நெருக்கமான சொல். கச்சேரிக்கோ வங்கிக்கோ எழுதும் கடிதத்தில் ‘ஐ கொற் யுவர் லெற்றர்’ என்பது பிழையன்று, ஆனால் தொனி தாழ்ந்துவிடும். அங்கே ‘றிசீவ்ட்’ எழுதலாம். அனுமதி, சான்றிதழ் பெறுவதற்கு ‘ஒப்ரெய்ன்’, நிலை மாறுவதற்கு ‘பிகம்’, போய்ச் சேர்வதற்கு ‘அறைவ்’. ‘அறைவ்’ என்பதற்குப் பின் ‘ரூ’ வராது. ஊரானால் ‘இன்’, நிலையம், பாடசாலை போன்றவற்றுக்கு ‘அற்’.

கண்ணை மூடிக்கொண்டு மாற்றவும் கூடாது. ‘கெற் மறீட்’, ‘கெற் றெடி’, ‘கெற் லொஸ்ற்’ ஆகியவை இறுகிப்போன சேர்க்கைகள். ‘பிகம் மறீட்’ என்று எவரும் எழுதுவதில்லை. ‘கொற் மறீட் வித்’ என்பதும் இங்கே அடிக்கடி காணும் பிழை. மணமகனையோ மணமகளையோ சொல்லும்போது ‘ரூ’ வரவேண்டும்.

அடுத்தது ‘ஹாவ் கொற்’. இதில் ‘கொற்’ இருந்தாலும் இறந்தகாலம் இல்லை. ‘ஐ ஹாவ் கொற் ரூ பிறதர்ஸ்’ என்றால் எனக்கு இரண்டு சகோதரர்கள் இருக்கிறார்கள். ‘ஐ ஹாவ் கொற் ரூ கோ’ என்றால் போகவேண்டும். அமெரிக்கர் ‘கொற்றன்’ என்று ஒரு வடிவத்தையும் வைத்திருக்கிறார்கள்: அவர்களிடம் ‘ஹாவ் கொற்’ உடைமை, ‘ஹாவ் கொற்றன்’ பெற்றுக்கொண்டது அல்லது ஆகிவிட்டது. நம் பாடத்திட்டம் பிரித்தானிய வழக்கைத் தழுவியது, எனவே மாணவருக்கு ‘கொற்’ போதும்.

சொல்லின் வேர் பழைய நோர்ஸ் மொழியின் ‘கெற்றா’. வைக்கிங்குகள் இங்கிலாந்தில் குடியேறிய காலத் தொடர்பால் வந்தது. ‘ஃபொர்கெற்’ என்பதில் இருக்கும் ‘கெற்’ இதற்கு உறவு: கையில் இருந்ததைத் தவறவிடுவதே மறத்தல். பொருள் பெருகியதில் இது மட்டும் தனியன்று. 1989இல் வெளிவந்த ஒக்ஸ்போர்ட் பேரகராதியின் 2ஆம் பதிப்பில் ‘செற்’ என்ற சொல்லுக்கு 430 பொருள்கள் காட்டப்பட்டன. அடிக்கடி புழங்கும் சிறிய சொற்களுக்குத்தான் இப்படி நேர்கிறது.

உரும்பிராய் அப்பா

மூண்டு பேருக்கும் பெரிய உபகாரம். ஒண்டே ஒண்டு மிச்சம். ‘கொற் யூஸ்ட் ரூ’ எண்டதும் ‘யூஸ்ட் ரூ’ எண்டதும் ஒண்டோ?

வடமராட்சி ரீச்சர்

இல்லை அண்ணை, ரெண்டும் வேறை. ‘ஷி யூஸ்ட் ரூ குக்’ எண்டால் முந்திச் சமைக்கிறவ, இப்ப இல்லை. ‘ஷி கொற் யூஸ்ட் ரூ குக்கிங்’ எண்டால் சமைச்சுப் பழகிப் போச்சு. ‘கொற்’ இருந்தால் ‘ரூ’வுக்குப் பிறகு வினை ‘-இங்’ எண்டு முடியவேணும், இல்லாட்டில் பெயர்ச்சொல் வரவேணும்: ‘ஹி கொற் யூஸ்ட் ரூ த ஹீற்’, வெயில் பழகிப் போச்சு. ‘கொற் யூஸ்ட் ரூ குக்’ எண்டு எழுதினால் வெட்டுவினம்.

மகளின்ரை கொப்பியிலை ரெண்டு நிரல் கீறச் சொல்லுங்கோ. இடப்பக்கம் பந்தியிலை கண்ட வசனம் முழுசா, வலப்பக்கம் ‘கெற்’டுக்குப் பின்னாலை வந்தது பெயரோ, பெயரடையோ, இடமோ, மூண்டாம் வடிவமோ எண்டு. தமிழ்ப் பொருளைக் கடைசியாத்தான் எழுதவேணும், முதலே எழுதினால் திரும்பவும் ‘கிடைச்சுது’க்குத்தான் கை போகும். ‘கெற் அப்’, ‘கெற் ஓவர்’, ‘கெற் த்ரூ’ மாதிரிச் சேர்ந்து வாறதுகளை இதுக்குள்ளை கலக்காமல் வேறை பக்கத்திலை வைக்கட்டும். அதுகளை மட்டும் வசனத்தோடை பாடமாக்கத்தான் வேணும்.