சால்டன் கடலோரம் ஆர்.வி. முகாம்: பலத்த காற்று வீசினால்?

கேள்வி:
வணக்கம். மார்ச் இறுதியில் குடும்பத்துடன் தெற்குக் கலிபோர்னியாவின் சால்டன் கடல் எனப்படும் உப்பு ஏரியின் கரையில், வாடகை ஆர்.வி. (படுக்கை, சமையல் வசதியுள்ள வண்டி) ஒன்றில் இரண்டு இரவுகள் தங்க எண்ணியுள்ளோம். அந்தப் பருவத்தில் அங்கே காற்று பலமாக வீசும் என்கிறார்கள். எந்தக் கரையில், வண்டியை எப்படி நிறுத்துவது நல்லது? உடன் வரும் என் மாமியாருக்கு இலேசான ஆஸ்துமா உண்டு.

மறுமொழி 1:
சான் கொர்கோனியோ கணவாயின் வழியே பாயும் மேலைக்காற்று கோச்செல்லா பள்ளத்தாக்கில் இறங்கி, பெரும்பாலும் வடமேற்கிலிருந்து ஏரியை வந்தடைகிறது. வசந்த காலத்தில் அதன் வேகம் கூடும். ஆகவே வண்டியின் முன்பக்கம் காற்றை எதிர்நோக்கும்படி நிறுத்துங்கள். பக்கவாட்டில் காற்று வாங்கும் ஆர்.வி. இரவு முழுவதும் ஆடிக்கொண்டே இருக்கும், ஒருவரும் உறங்க முடியாது. வெளிப்பந்தலை, காற்று சற்று அடங்கியிருந்தாலும், உறங்கப் போகுமுன் சுருட்டிவிடுங்கள். எரிவாயுவில் இயங்கும் குளிர்பெட்டியின் சுடர் பலத்த காற்றில் அணைந்துவிடக்கூடும் என்பதால், மின் இணைப்புள்ள இடமாகப் பார்த்துப் பதிவு செய்வது நல்லது. வடகிழக்குக் கரையிலுள்ள மாநிலப் பொழுதுபோக்குப் பகுதியில் அத்தகைய இடங்கள் உண்டு. கதவைத் திறக்கும்போது கைப்பிடியை விட்டுவிடாதீர்கள்.

மறுமொழி 2:
மேலே சொன்னவை சரியே. ஆயினும் ஆஸ்துமா உள்ளவருக்கு, வண்டி ஆடுவதைக் காட்டிலும் புழுதியே பெரிய தொல்லை. 1905இல் கொலராடோ ஆறு பாசனக் கால்வாயை உடைத்துக்கொண்டு பாய்ந்ததால் உருவான இந்த ஏரி, அதன் பிறகு பெரும்பாலும் வயல்களின் வடிகால் நீரை நம்பியே இருந்துவந்தது. 2003ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி ஏரிக்குத் தெற்கேயுள்ள இம்பீரியல் பள்ளத்தாக்கின் பாசன நீரில் ஒரு பகுதி சான் டியேகோவுக்குத் திருப்பப்பட்டது; அந்த இழப்பை ஈடுசெய்ய ஏரிக்கு விடப்பட்டுவந்த நீரும் 2017 முடிவில் நின்றுபோக, கரை வேகமாகப் பின்வாங்கியது. வெளிப்பட்ட ஏரிப்படுகையின் நுண்புழுதியோடு, வயல்களிலிருந்து பல ஆண்டுகளாக வந்து படிந்தவையும் காற்றில் கிளம்புகின்றன. ஏரியின் தென்முனையில் படுகை மிகத் தட்டையானது. நீர்மட்டம் சிறிதளவு இறங்கினாலும் பெரும்பரப்பு வெளியே வந்துவிடும். ஆதலால் அந்தப் பக்கம் தங்க வேண்டாம். புறப்படுமுன் காற்றுத்தர முன்னறிவிப்பைப் பாருங்கள். பலத்த காற்று எச்சரிக்கை இருந்தால் பயணத்தைத் தள்ளிவைப்பதே என் ஆலோசனை. மாமியாரின் இன்ஹேலரைப் பெட்டிக்குள் வைக்காமல் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருங்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி. மின் இணைப்புள்ள இடத்தையே பதிவு செய்கிறேன். நீரோரம் வரை வண்டியை ஓட்டிச் செல்ல முடியுமா? படங்களில் வெண்மணல் கெட்டியாகத் தெரிகிறதே.

மறுமொழி 1:
கூடவே கூடாது. வெண்மணல் போலத் தெரிவதில் பெரும்பகுதி பார்னக்கிள் என்னும் சிறு நீருயிரியின் ஓடுகளும் மீன் முள்ளும்தான். நடந்தால் காலடியில் நொறுங்கும். அதைத் தாண்டினால் உப்புப் பொருக்கு. மேலே காய்ந்திருந்தாலும் அடியில் கருஞ்சேறு இருக்கும், சக்கரம் இறங்கிவிட்டால் இழுவை வண்டிகூட அருகே வரத் தயங்கும். ஆர்.வி.யை முகாமிலேயே விட்டுவிட்டு, காற்று ஓய்ந்த காலை வேளையில் நடந்து சென்று பறவைகளைப் பார்த்து வாருங்கள். ஏரியின் நாற்றத்துக்கு மட்டும் மாற்று வழி எதுவும் இல்லை.