போன் கேமராவில் டாக்குமென்ட் ஸ்கேனர்: பச்சைக் கோடு தாளில் உட்காரவில்லை, அவசர உதவி!

வரிக்குதிரை:
வணக்கம். எங்கள் வெப் ஆப்பில் படிவங்களை கேமராவாலேயே ஸ்கேன் செய்து ஏற்றும் வசதி சேர்த்துக்கொண்டிருக்கிறேன். லேப்டாப்பில் அருமையாக ஓடுகிறது. போனில் திறந்தால் தாளைச் சுற்றி வரும் பச்சைக் கோடு தாளின் மேல் உட்காரவே மாட்டேன் என்கிறது. வெட்டிக் கிடைக்கும் படத்தில் எழுத்தறிதல் (படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுப்பது) செய்ய வேண்டும், ஆனால் எழுத்தும் மங்கல். பட்டன் நிறத்தை மாற்ற எழுதிய சிஎஸ்எஸ்ஸும் ஏறவில்லை. நாளைக்கு டெமோ. தெரிந்தவர்கள் சொல்லுங்கள், ப்ளீஸ்.

நீலத்திரை:
எந்த போன், எந்த பிரவுசர், எந்த லைப்ரரி? ஓரத்தைக் கண்டுபிடிப்பது யார், நீங்கள் எழுதிய நிரலா, தயாராக வாங்கியதா? உட்காரவில்லை என்றால் எந்தப் பக்கம் விலகுகிறது? ஒரு ஸ்கிரீன்ஷாட் போட்டால் பாதி வேலை முடியும்.

சதுரங்கம்:
முதலில் எச்டிடிபிஎஸ் இருக்கிறதா பாருங்கள். சாதா எச்டிடிபியில் கேமராவைத் தரும் மீடியாடிவைசஸ் என்ற பொருளே பிரவுசரில் கிடைக்காது. லோக்கல்ஹோஸ்ட்டுக்கு மட்டும் விலக்கு. லேப்டாப்பில் ஓடி போனில் ஓடவில்லை என்றால் அநேகமாக இதுதான். போனில் லேப்டாப்பின் ஐபி முகவரியை அடித்துத் திறந்திருப்பீர்கள்.

அரைப்புள்ளி:
@சதுரங்கம் கேமராவே திறக்காமல் பச்சைக் கோடு எங்கிருந்து வரும்? கோடு வருகிறது, இடம்தான் தப்பு என்கிறார்.

சதுரங்கம்:
சரி, இருந்தாலும் பார்த்துக்கொள்வது நல்லதுதானே.

ஹீப்காவலன்:
ஓப்பன்சிவி.ஜேஎஸ் (படங்களை அலசும் லைப்ரரி) என்றால் என் கேள்வி ஒன்றுதான்: மேட் (அது படத்தை வைக்கும் பொருள்) எல்லாவற்றையும் டிலீட் செய்கிறீர்களா? ஜாவாஸ்கிரிப்ட்டின் குப்பை அள்ளும் வேலை, ஓப்பன்சிவி பயன்படுத்தும் வெப்அசெம்பிளி நினைவகத்தைத் தொடாது. ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் கிரே, பிளர், கேனி (ஓரம் தேடும் படிகள்) என்று மூன்று மேட் உருவாக்கி விட்டுவிட்டால் கொஞ்ச நேரத்தில் போன் திணறும். கோடு பின்தங்கி வருவதைத்தான் விலகல் என்று நினைக்கிறீர்களோ என்னவோ.

மூத்தகோடர்:
இந்தக் கேள்வி எத்தனையாவது தடவை என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன். தேடல் பெட்டி என்று ஒன்று மேலே இருக்கிறது. கெட்யூசர்மீடியா (பக்கத்துக்குள்ளேயே கேமராவைத் திறக்கும் வசதி) வீடியோ காலுக்காக வந்தது தம்பி, ஸ்கேனருக்கு அல்ல. ஃபைல் இன்புட் ஒன்று போட்டு, அக்செப்ட்டில் இமேஜ் என்றும் கேப்சரில் என்விரான்மென்ட் என்றும் கொடுத்தால் போனின் சொந்த கேமராவே திறக்கும். ஃபோகஸ், ஃப்ளாஷ், முழு ரெசல்யூஷன் எல்லாம் சும்மா கிடைக்கும். அடிப்படையைப் படிக்காமல் நேராக ஓப்பன்சிவிக்குத் தாவினால் இப்படித்தான்.

வரிக்குதிரை:
ஆண்ட்ராய்டு, குரோம். எச்டிடிபிஎஸ்தான். ஓரம் கண்டுபிடிக்க ஓப்பன்சிவி.ஜேஎஸ், அந்த நிரல் நான் எழுதியது. கேமரா பகுதி மட்டும் ஒரு தயார் வெப் காம்பொனென்ட் (தனி டேக்காக வரும் ஆயத்தப் பகுதி), அதன் மேல் என் கான்வாஸ் (படம் வரையும் பரப்பு). இடது வலது பக்கம் கோடு சரியாகப் பொருந்துகிறது. மேலேயும் கீழேயும்தான் உள்பக்கமாகச் சுருங்கிவிடுகிறது. டிலீட் எல்லாம் செய்கிறேன்.

அரைப்புள்ளி:
இதைத்தான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். பக்கவாட்டில் சரி, மேலும் கீழும் மட்டும் சுருக்கம் என்றால் ஓப்பன்சிவி மேல் தப்பே இல்லை. நான்கு எண் கொடுங்கள்: கன்சோலில் வீடியோவிட்த், வீடியோஹைட் (கேமரா தரும் ஃப்ரேமின் அகலம், உயரம்), அப்புறம் பக்கத்தில் வீடியோ தெரியும் பெட்டியின் அகலம், உயரம். ஃப்ரேமை எந்த அளவு கான்வாஸில் வரைந்து ஓரம் தேடுகிறீர்கள் என்பதும் வேண்டும்.

வரிக்குதிரை:
720, 1280. பெட்டி 360, 480. கான்வாஸும் பெட்டி அளவுதான், 360க்கு 480. லேப்டாப்பில் பெட்டி 960க்கு 540.

அரைப்புள்ளி:
கிடைத்துவிட்டது.

அந்தக் காம்பொனென்ட் உள்ளே வீடியோவுக்கு ஆப்ஜெக்ட்-ஃபிட் கவர் போட்டிருக்கும், இன்ஸ்பெக்டில் பாருங்கள். கவர் என்றால் பெட்டி நிரம்பும்வரை படத்தைப் பெரிதாக்கி, மிஞ்சியதை மறைத்துவிடும். 720 அகலம் 360 ஆக வேண்டும், அதாவது பாதி. அதே பாதியில் 1280 உயரம் 640 ஆகும். பெட்டியோ 480தான். ஆக மேலே 80, கீழே 80 பிக்சல் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது.

ஆனால் ஃப்ரேமைக் கான்வாஸில் வரையும் டிராஇமேஜுக்கு இந்த சிஎஸ்எஸ் சமாசாரம் எதுவும் தெரியாது. முழு ஃப்ரேமையும் எடுத்து 360க்கு 480 கான்வாஸில் நசுக்கி வரைகிறது. நசுங்கிய படத்தில் மூலைகளைக் கண்டுபிடித்து, நசுங்காத வீடியோ மேல் கோடு போடுகிறீர்கள். உதாரணமாக ஃப்ரேமில் 320வது வரியில் இருக்கும் தாளின் மேல் ஓரம் திரையில் 80ல் தெரியும். உங்கள் கோடு 120ல் விழும். சரியாக நடுவில் மட்டும் இரண்டும் ஒத்துப்போகும். லேப்டாப்பில் கேமராவும் பெட்டியும் 16:9 என்பதால் எதுவும் வெட்டுப்படவில்லை, அதனால்தான் அங்கே பிரச்சினை தெரியவில்லை.

தேடும் கான்வாஸை 360க்கு 640 ஆக்குங்கள். கோடு வரையும்போது ஒவ்வொரு மூலையின் உயரத்திலிருந்தும் 80 கழியுங்கள். இந்த எண்களை அப்படியே எழுதிவிடாதீர்கள், வேறு போனில் மாறும். வீடியோ அளவு, பெட்டி அளவு இரண்டிலிருந்தும் கணக்கிடுங்கள்.

மங்கலுக்கும் இதுதான் காரணம் என்று சந்தேகம். தாளை நேராக்கி வெட்டும் வார்ப்பெர்ஸ்பெக்டிவுக்கு எந்தப் படத்தைக் கொடுக்கிறீர்கள்?

வரிக்குதிரை:
அதே கான்வாஸைத்தான்.

அரைப்புள்ளி:
அப்படியானால் ஏ4 தாள் முழு அகலத்தை அடைத்தாலும் அங்குலத்துக்கு 43 பிக்சல்தான் கிடைக்கும். யார் படிக்க முடியும்? சின்ன கான்வாஸ் ஓரம் தேட மட்டும். பட்டனை அழுத்தியதும் முழு ஃப்ரேமையும் தனி கான்வாஸில் எடுத்து, மூலைகளை இரண்டால் பெருக்கி, அதிலிருந்து வெட்டுங்கள். கேமராவிடம் கேட்கும் ரெசல்யூஷனையும் கூட்டுங்கள், ஐடியல் என்று கேளுங்கள். எக்ஸாக்ட் என்று கேட்டால் அந்த அளவு இல்லாத போனில் ஓவர்கன்ஸ்ட்ரெயின்ட் பிழை வந்து கேமராவே திறக்காது.

நீலத்திரை:
பட்டன் நிறத்துக்கு: காம்பொனென்ட் ஷேடோ டாம் (வெளியிலிருந்து பிரித்து வைத்த உள் அமைப்பு) வைத்திருக்கும். வெளியே எழுதும் கிளாஸ் விதி உள்ளே போகாது, இம்பார்ட்டன்ட் போட்டாலும் போகாது. சிஎஸ்எஸ் வேரியபிள் உள்ளே இறங்கும், அல்லது பார்ட் என்று பெயர் கொடுத்துத் திறந்துவிட்ட உறுப்புகளைத் தொடலாம். இரண்டும் அதில் இல்லையென்றால், ஷேடோரூட் (அந்த உள் அமைப்பின் வாசல்) திறந்த வகையாக இருந்தால் ஜாவாஸ்கிரிப்ட் வழியாக உள்ளே தொடலாம்; மூடிய வகை என்றால் காம்பொனென்ட்டையே மாற்றுங்கள்.

மூத்தகோடர்:
இவ்வளவு பெரிய கணக்கு எதற்கு? 720 அகல ஃப்ரேமை நம்பி எழுத்தறிதல் செய்யப் போகிறார்களாம். டெஸராக்ட் என்ற எழுத்தறிதல் மென்பொருளின் ஆவணத்திலேயே குறைந்தது 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 பிக்சல்) என்று எழுதியிருக்கிறது. ஏ4க்கு அது 2480க்கு 3508. 4கே வீடியோ கேட்டு வாங்கினாலும் 2160 அகலம்தான், 261 டிபிஐ. நான் சொன்ன ஃபைல் இன்புட்டில் ஒரே வரியில் முடியும்.

சதுரங்கம்:
ஒரே வரியில் முடியுமா? ரேம் குறைவான ஆண்ட்ராய்டில் கேமரா ஆப் திறந்த நொடியில் பிரவுசரை சிஸ்டம் கொன்றுவிடலாம். படம் எடுத்துத் திரும்பி வந்தால் பக்கம் புதிதாக லோட் ஆகி, நிரப்பிய படிவம் காலி. அந்தப் புகாருக்கு நீங்கள் பதில் சொல்வீர்களா? பயனர் தாளை வெட்டுப்பட எடுத்தாலும் அனுப்பிய பிறகுதான் தெரியும். எடுக்கும்போதே வழிகாட்டத்தானே பச்சைக் கோடு?

மூத்தகோடர்:
படிவத்தை லோக்கல்ஸ்டோரேஜில் வைக்கத் தெரியாதவர்களுக்கு நான் என்ன செய்ய முடியும்.

ஹீப்காவலன்:
சண்டைக்கு நடுவே ஒன்று. 12 மெகாபிக்சல் படம் ஒன்றைக் கான்வாஸில் விரித்தாலே 48 எம்பி ஆகும். அதை மேட்டாக மாற்றினால் இன்னொரு 48. வார்ப் ஆனதற்கும் ஒன்று. எந்த வழியில் போனாலும் டிலீட் முக்கியம். லூப்பிலிருந்து நடுவில் ரிட்டர்ன் ஆகும் இடத்தில்தான் எல்லாரும் மறப்பார்கள்: நான்கு மூலை கிடைக்கவில்லை என்று வெளியேறும்போது காண்டூர் (கண்டெடுத்த ஓரக் கோடுகள்) பட்டியல் அப்படியே கிடக்கும்.

அரைப்புள்ளி:
இரண்டையும் வைத்துக்கொள்ளலாமே. நேரடிக் கேமரா முதலில். பர்மிஷன் மறுத்தால், அல்லது வேறு ஆப் கேமராவைப் பிடித்து வைத்திருந்தால் ஃபைல் இன்புட். நாட்அலவ்டு, நாட்ரீடபிள் என்று பிழையின் பெயரே வித்தியாசமாக வரும், பிரித்துக்கொள்ளலாம். மூத்தகோடர் சொல்வதில் ரெசல்யூஷன் கணக்கு சரிதான், சொல்லும் விதம்தான்...

மூத்தகோடர்:
சொல்லும் விதத்துக்கு வேறு இழை தொடங்குங்கள்.

வரிக்குதிரை:
கோடு பொருந்திவிட்டது. எழுத்தும் படிக்க முடிகிறது. பட்டன் நிறம் வேரியபிளில் மாறியது. எல்லாருக்கும் நன்றி, டெமோவுக்கு ஓடுகிறேன்.

நீலத்திரை:
மகிழ்ச்சி. கடைசியில் எந்த ரெசல்யூஷன் கேட்டீர்கள், போன் எதைக் கொடுத்தது என்று சொன்னால் பின்னால் வருபவர்களுக்கு உதவும்.

தாமதவரவு:
பழைய இழையைக் கிளறுவதற்கு மன்னிக்கவும். மேலே சொன்னபடியே செய்தேன், ஆண்ட்ராய்டில் பிரமாதம். ஐபோனில் கேமரா திறந்ததும் வீடியோ முழுத்திரைக்குப் போய்விடுகிறது, கோடு வரையும் கான்வாஸே தெரியவில்லை. யாருக்காவது தெரியுமா?

அரைப்புள்ளி:
வீடியோ டேக்கில் ப்ளேஸ்இன்லைன் (பக்கத்துக்குள்ளேயே ஓடு என்று சொல்வது) சேருங்கள், கூடவே மியூட்டட். காம்பொனென்ட் உள்ளே இருந்தால் அதன் ஷேடோரூட் வழியாக வீடியோவைப் பிடித்து, ஸ்ட்ரீம் கொடுப்பதற்கு முன்பே சேர்க்க வேண்டும். ஷேடோரூட் மூடிய வகை என்றால் அது வெளியே கிடைக்காது, காம்பொனென்ட்டின் மூலத்தில்தான் கை வைக்க வேண்டும்.

ஹீப்காவலன்:
ஸ்கேன் முடிந்ததும் கேமரா ஸ்ட்ரீமின் ட்ராக்கை ஸ்டாப் செய்ய மறக்க வேண்டாம். வீடியோவை மறைத்தால் மட்டும் கேமரா அணையாது.